ஐவருக்கு ஒருவர்: பதின்வயதினர் பணி பற்றிய ஒரு நூலின் திறனாய்வு

திருச்சபையின் இளைஞர் பணி தளர்ந்துவிட்டது என்ற முறையீடு எழாத சேகரக் கூட்டம் அரிது. முறையீடு எழுந்தவுடனேயே பரிகாரமும் கூறப்படுகிறது: நல்ல வாலிபர் ஒருவர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும். பாடத் தெரிந்தவர், கித்தார் வாசிக்கத் தெரிந்தவர், பிள்ளைகளோடு கலந்து பழகத் தெரிந்தவர் ஒருவரைக் கண்டுபிடித்து அவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டால், ஆயரும் மூப்பர்களும் தத்தம் அலுவல்களைக் கவனிக்கலாம் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். அவ்வாறு ஒருவர் கிடைப்பதும் உண்டு. இரண்டு ஆண்டுகள் கூட்டம் நிரம்பி வழியும். பின்னர் அவருக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைக்கும். அல்லது திருமணமாகி வேறு ஊருக்குச் செல்வார். அடுத்த சில மாதங்களில் கூட்டம் கலைந்துவிடும். சேகரக் கூட்டத்தில் மீண்டும் அதே முறையீடு எழும்.

நூலும் அதன் வாதமும்

இச்சுழற்சியின் காரணத்தை ஆராயும் நூல்களுள் குறிப்பிடத்தக்கது, மார்க் டிவ்ரீஸ் எழுதிய ‘சஸ்டெய்னபிள் யூத் மினிஸ்ட்ரி’. ‘நிலைத்து நிற்கும் இளைஞர் ஊழியம்’ என்று இத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்காவின் இன்டர்வர்சிட்டி பதிப்பகம் 2008ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. ஆசிரியர், டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரின் முதலாம் பிரெஸ்பிட்டேரியன் சபையில் நீண்ட காலம் இளைஞர் பணியாற்றியவர். பிற சபைகளின் இளைஞர் பணியைச் சீரமைக்க ஆலோசனை கூறும் அமைப்பு ஒன்றையும் நிறுவியவர். குடும்பத்தை அடித்தளமாகக் கொண்ட இளைஞர் பணியைப் பற்றி 1994இல் அவர் எழுதிய முந்திய நூலும் பலரால் வாசிக்கப்பட்டது.

நூல், சம்பளத்திற்குப் பணியாளரை அமர்த்தும் வசதி படைத்த அமெரிக்கச் சபைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. நம் இறையியல் மாணவர்கள் இத்தகைய நூல்களை ஆர்வத்தோடு வாசிக்கின்றனர். அவற்றின் திட்டங்களை அப்படியே சேகரத்திற்குக் கொண்டுசெல்ல முற்படுவோரும் உளர். ஆதலின் இந்நூலில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று நிதானித்துப் பார்ப்பது பயனுடையது.

டிவ்ரீஸின் அடிப்படை வாதம் எளிமையானது. திறமை மிக்க ஒரே மனிதரை நம்பி இளைஞர் பணியை நடத்தும் சபை, சூதாடுகிறது என்கிறார் அவர். சூதாட்டத்தில் எப்போதோ ஒருவருக்குப் பெரும் பரிசு விழுகிறது. அதைக் கண்டு ஏனையோரும் மீண்டும் மீண்டும் பணத்தை வைத்து இழக்கின்றனர். அதுபோலவே, எங்கோ ஒரு சபையில் ஒரு பணியாளரால் கூட்டம் பெருகிற்று என்பதைக் கேட்டு, மற்றச் சபைகளும் அத்தகைய ஒருவரைத் தேடுகின்றன. அவர் வந்து, களைத்து, விலகிச் செல்லும்போது பழி அவர்மீதே விழுகிறது. அடுத்தவரைத் தேடும் படலம் தொடங்குகிறது. சபை தன் அமைப்பிலுள்ள கோளாற்றை ஆராய்வதே இல்லை.

இதற்கு மாற்றாக அவர் முன்வைப்பது ஒழுங்கமைப்பு. மாணவர் பெயர்ப் பட்டியல், ஆண்டு நாட்காட்டி, ஒவ்வொருவர் பொறுப்பையும் வரையறுக்கும் எழுத்து, பணிக்கு அழைக்கத்தக்க பெரியோரின் பட்டியல், பல ஆண்டுகளுக்கான பாடத்திட்டம் ஆகிய ஐந்தும் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறார். நோக்கம், விழுமியங்கள், மூன்றாண்டு இலக்குகள், நிர்வாக அமைப்பு ஆகியவையும் வரையப்படவேண்டும். தம் ஆலோசனைப் பணியின் அனுபவத்திலிருந்து மூன்று அளவுகளையும் தருகிறார்: ஐம்பது இளைஞருக்கு ஒரு முழுநேரப் பணியாளர், ஓர் இளைஞருக்கு ஆண்டொன்றுக்கு 1000 டாலர் செலவு, ஐந்து இளைஞருக்குப் பெரியவர் ஒருவர் வீதம் தன்னார்வப் பணியாளர்.

நூலின் வலிமை

இவ்வாதத்தின் முதற்பகுதி நம் சேகரங்களுக்கு அமெரிக்கச் சபைகளைவிட மிகுதியாகப் பொருந்துகிறது எனலாம். அங்கு இளைஞர் பணியாளர் மட்டுமே இடம் மாறுகிறார். போதகர் நிலைத்திருக்கக் கூடும். இங்கோ ஆயரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் பெறுகிறார். இளைஞர் தலைவரும் வேலை தேடி ஊர்விட்டுச் செல்கிறார். ஆறாம் வகுப்பில் ஓய்வுநாள் பாடசாலையில் படிக்கும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் முன்னர் இரண்டு மூன்று ஆயர்களையும் அத்தனை தலைவர்களையும் கண்டுவிடுகிறது. ஒவ்வொருவரும் புதிய திட்டத்தோடு வருகின்றனர்; ஒவ்வொருவரும் பிள்ளையின் பெயரைப் புதிதாகக் கேட்கின்றனர். இந்நிலையில் நிலைத்து நிற்பவர் யார் என்று கேட்டால், சபையில் பிறந்து சபையிலேயே வாழும் பொதுநிலையினரே என்பது விடை. பள்ளி ஆசிரியை, தையற்கடை நடத்துபவர், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கணவனை இழந்து பிள்ளைகளை வளர்த்த தாய் ஆகியோர் எங்கும் மாற்றப்படுவதில்லை. அவர்களை விடுத்து, நாளை செல்லவிருக்கும் ஒருவர்மேல் முழுப் பாரத்தையும் வைப்பது அறிவுடைமை அன்று.

பெயர்ப் பட்டியல் பற்றிய அறிவுரையும் சிறியதாகத் தோன்றினும் பெரியது. நம் சங்கங்களில் இருப்பது வருகைப் பதிவேடு. வந்தவர் யார் என்பதை அது காட்டும். வராதவர் யார் என்பதைக் காட்டாது. லூக்கா 15ஆம் அதிகாரத்து உவமையில், ஓர் ஆடு காணாமற் போனதை மேய்ப்பன் அறிந்துகொண்டது தன் மந்தையின் தொகை அவனுக்குத் தெரிந்திருந்ததால் அன்றோ? தொகை அறியாதவனுக்கு எந்த ஆடும் தொலைவதில்லை. நம்மிடம் இதற்கான கருவி ஏற்கெனவே உள்ளது. சேகர அலுவலகத்து ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, பதின்மூன்று முதல் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பெயர்களை எழுதினால், பட்டியலின் முதற்படி ஆயத்தமாகிவிடும். வேறிடத்திலிருந்து குடிவந்தோரையும் பின்னர் சபையில் சேர்ந்தோரையும் மூப்பர்கள் வாயிலாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். அப்பட்டியலையும் ஞாயிறு கூட்டத்தின் வருகைப் பதிவேட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடும் ஆயர், தம் சேகரத்தின் உண்மை நிலையை அன்றே அறிவார்.

அவ்வாறு ஒப்பிடும்போது வராதவர்கள் யார் என்பது புலனாகும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளை முன்னிட்டு ஞாயிறு காலையிலும் தனிப்பயிற்சி வகுப்புக்கு அனுப்பப்படும் மாணவர். பள்ளிப்படிப்பை நிறுத்திப் பட்டறைக்கோ நூற்பாலைக்கோ செல்லும் பிள்ளைகள். மாலைக் கூட்டம் முடிந்து இருட்டில் வீடு திரும்ப இயலாத பெண்பிள்ளைகள். மையச் சபையின் கூட்டத்திற்கு வர அழைப்போ துணிவோ பெறாத கிளைச்சபைப் பிள்ளைகள். இவர்களுள் கடைசியாகக் கூறப்பட்டோரைப் பற்றி நாம் மனச்சான்றோடு பேசவேண்டும். ஒரே சேகரத்திற்குள் சாதியின் பெயரால் பிரிந்து நிற்கும் தெருக்கள் உள்ளன. திறமை மிக்க ஒரு வாலிபரைச் சுற்றிக் கூடும் கூட்டம், பெரும்பாலும் அவருடைய தெருவின் கூட்டமாகவும் அவருடைய பள்ளியின் கூட்டமாகவும் அமைந்துவிடுகிறது. பெயர்ப் பட்டியலோ எல்லாத் தெருக்களையும் ஒரே தாளில் வைக்கிறது. நூலாசிரியர் நிர்வாகக் கருவியாகத் தரும் ஒன்று, நம் சூழலில் நீதியின் கருவியாகவும் ஆகிறது.

அளவுகள் மூன்று

டிவ்ரீஸ் தரும் மூன்று அளவுகளையும் ஒருங்கே ஏற்க இயலாது. ஐம்பது இளைஞர் உள்ள சபைக்கு அவர் கணக்குப்படி ஆண்டுச் செலவு 50,000 டாலர். நூல் வெளிவந்த ஆண்டின் நாணய மாற்று விகிதப்படி அது இருபது இலட்சம் ரூபாயை எட்டும். பல கிளைச்சபைகளைக் கொண்ட கிராமச் சேகரம் இதனைக் கனவிலும் கருதாது. ஐம்பதின்மருக்கு ஒரு முழுநேரப் பணியாளர் என்பதும் அவ்வாறே. பல சபைகளுக்கு ஓர் ஆயரே பொறுப்பாயிருக்கும் நிலையில், இளைஞருக்கென்று தனிப் பணியாளர் என்பது நகரத்துப் பெருஞ்சபைகள் சிலவற்றிற்கே கைகூடும்.

ஆனால் மூன்றாவது அளவு வேறு வகையினது. ஐவருக்கு ஒருவர் என்பதற்குப் பணம் வேண்டுவதில்லை, மனிதர் வேண்டும். ஐந்து பிள்ளைகளின் பெயரும், அவர்கள் பெற்றோர் யார் என்பதும், எந்தப் பாடத்தில் திணறுகின்றனர் என்பதும், எதற்காக இரவில் விழித்திருக்கின்றனர் என்பதும் ஒரு பெரியவருக்குத் தெரிந்திருக்க முடியும். ஐம்பது பிள்ளைகளைப் பற்றி எவரும் அவ்வாறு அறிய இயலாது. மூன்று அளவுகளுள் செலவற்றதே மிக இன்றியமையாதது என்பது இந்நூலிலிருந்து நாம் பெறும் தலையாய பயன். ஆசிரியர் மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறார். நாமோ முதலிரண்டையும் விடுத்து மூன்றாவதனை மட்டும் இறுகப் பற்றிக்கொள்ளலாம்.

இதுவும் நமக்குப் புதியதன்று. குழந்தை ஞானஸ்நானத்தின்போது பெற்றோரோடு ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் திருநீர்த் தொட்டியருகே நின்று வாக்களிக்கின்றனர். சபை முழுவதும் சாட்சியாக நிற்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரல்லாத பெரியவர் ஒருவராவது பொறுப்பாளி என்பதே அதன் பொருள். அந்த வாக்கு, உறவினருள் ஒருவருக்குச் செய்யும் மரியாதையாகச் சுருங்கி, அன்றைய விருந்தோடு முடிந்துவிட்டது. ஐவருக்கு ஒருவர் என்னும் ஒழுங்கை அமெரிக்க நிர்வாக முறையாக அறிமுகம் செய்வதைவிட, மறந்துபோன ஞானஸ்நான வாக்கின் மீட்சியாக அறிமுகம் செய்வதே நம் சபைகளுக்குப் பொருந்தும்.

பெற்றோரின் இடத்தையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். அமெரிக்காவில் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ள 3,290 பேரிடம் தொலைபேசி வழியாகவும், அவர்களுள் 267 பேரிடம் நேரிலும் வினவி நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகளை, கிறிஸ்டியன் ஸ்மித், மெலிண்டா டென்டன் ஆகிய இருவரும் 2005இல் நூலாக வெளியிட்டனர். பிள்ளைகளின் சமய வாழ்வை உருவாக்குவதில் பெற்றோரின் செல்வாக்கே தலையாயது என்பது அவ்வாய்வின் முடிவுகளுள் ஒன்று. தம் நம்பிக்கையைத் தம் சொற்களால் எடுத்துரைக்கப் பெரும்பாலான பிள்ளைகளால் இயலவில்லை என்பது மற்றொன்று. அந்நாட்டு ஆய்வை நம் நாட்டிற்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. எனினும் உபாகமம் 6ஆம் அதிகாரம், பிள்ளை கேள்வி கேட்கும் இடமாகவும் தகப்பன் விடை கூறும் இடமாகவும் வீட்டையே காட்டுகிறது என்பதை நினைவிற்கொள்வோமாக. ஐவருக்கு ஒருவராக நிற்கும் பெரியவர் பெற்றோருக்குப் பதிலாக வருபவர் அல்லர்; அவர்களோடு கூட நிற்பவர்.

நூலின் குறை

இனி, நூலின் குறைக்கு வருவோம். டிவ்ரீஸ் ஒழுங்கமைப்பைப் பற்றி எழுதுகிறார். இறையியல் அடித்தளத்தை விரிவாக ஆராய்வது அவர் நோக்கமன்று. அதனை ஒரு குற்றமாகக் கூறுதல் தகாது. ஆயினும் நோக்கம் குறுகியதால் ஒரு வினா பின்தள்ளப்படுகிறது. யார் பணியாளர், எத்தனை பணியாளர், அவர்களை எவ்வாறு அமர்த்துவது என்று கேட்கும் நூலில், பதின்வயதினர் பெரும்பாலும் பணியைப் பெறுவோராகவே தோன்றுகின்றனர். அவர்களும் ஞானஸ்நானம் பெற்ற இறைமக்கள். பணி செய்ய அழைக்கப்பட்டவர்கள். பணியாளர் பட்டியலில் அவர்களுக்கும் இடம் உண்டா என்ற வினா உரிய அழுத்தம் பெறவில்லை.

இவ்வினாவை வரலாறு முன்னரே சந்தித்துள்ளது. 1881ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில், வில்லிஸ்டன் சபையின் போதகர் பிரான்சிஸ் கிளார்க் தம் இல்லத்தில் இளம் பிள்ளைகளைக் கூட்டிக் கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. நாள்தோறும் ஜெபமும் திருமறை வாசிப்பும், வாரக் கூட்டத்தில் தவறாது பங்கேற்பும் உறுதிமொழியாக ஏற்கப்பட்டன. பிள்ளைகள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்: புதியவரைத் தேடிச் சேர்ப்பதும் விலகியவரை விசாரிப்பதும் ஒரு குழுவின் வேலை, ஜெபக்கூட்டத்தை ஒழுங்கு செய்வது மற்றொன்றின் வேலை. திங்களுக்கு ஒருமுறை அர்ப்பணக் கூட்டத்தில் ஒவ்வொருவர் பெயரும் வாசிக்கப்பட்டது. சங்கம் சபைக்குள்ளேயே, போதகரின் கண்காணிப்பில் இயங்கிற்று. சில ஆண்டுகளிலேயே பல நாடுகளுக்கும் பரவிற்று.

அறுபது ஆண்டுகள் கழித்து வேறொரு முறை எழுந்தது. 1941இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஜிம் ரேபர்ன் தொடங்கிய ‘யங் லைஃப்’ போன்ற இயக்கங்கள், சபைக்கு வராத உயர்நிலைப் பள்ளி மாணவரை அவர்கள் இருக்குமிடத்திற்கே சென்று சந்தித்தன. அந்தப் பணி நன்மை விளைவித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்முறை சபைக்குள் புகுந்தபோது, கவர்ச்சி மிக்க பெரியவர் பேச, பிள்ளைகள் கேட்டிருப்பது இளைஞர் பணியின் வடிவமாயிற்று. கிளார்க்கின் கூட்டத்தில் பிள்ளைக்கு வேலை இருந்தது; பின்வந்த கூட்டத்தில் பிள்ளைக்கு இருக்கை இருந்தது. டிவ்ரீஸ் அந்த ஒற்றைத் தலைவரின் சுமையைப் பல பெரியவருக்குப் பகிர்ந்தளிக்கிறார், அது நன்று. பிள்ளையை இருக்கையிலிருந்து எழுப்புகிறாரா என்பதே நம் வினா.

திருமறை இதற்கு ஒரு நல்ல சான்றைத் தருகிறது. 1 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தில் இறைவன் சிறுவனை அழைக்கிறார். இறைவனை நேரடியாக அறியும் அனுபவம் அவனுக்கு அதுவரை வாய்க்கவில்லை என்று 7ஆம் வசனம் குறிக்கிறது. ஆயினும் அவன் அதற்கு முன்னரே ஆலயத்தில் பணிசெய்து வந்தான். காலையில் ஆலயக் கதவுகளைத் திறப்பது அவன் வேலை என்பது 15ஆம் வசனத்தால் தெரிகிறது. அறிவு முதிர்ந்த பின் பணி என்பது நம் ஒழுங்கு. பணியின் நடுவே அறிவு என்பது சாமுவேலுக்கு வாய்த்த ஒழுங்கு.

அவ்வதிகாரத்தில் ஏலியின் செயலும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கண் மங்கிய முதியவர் அவர். தம் சொந்த மக்களை அடக்கத் தவறியவர். கவர்ச்சி மிக்க தலைவர் என்று எவரும் அவரைத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள். எனினும் சிறுவனை அழைப்பது யார் என்பதை உணர்ந்து, எவ்வாறு மறுமொழி கூறவேண்டும் என்று கற்பித்தவர் அவரே. மறுநாள், தம் குடும்பத்திற்கு எதிரான தீர்ப்பை அச்சிறுவன் வாயிலாகவே கேட்க நேர்ந்தபோது, அவனை வாயடைக்கவில்லை. மறைக்காமல் சொல் என்று வற்புறுத்தினார். பதின்வயதினரின் பணிக்கு நாம் தேடவேண்டிய தகுதி இதுவே. பிள்ளை நம்மைப் பற்றியும் நம் சபையைப் பற்றியும் கசப்பான உண்மை ஒன்றைச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளும் பெரியவரே அவர்களுக்கு ஏற்ற பணியாளர்.

யாரை அமர்த்துவது

இவ்விடத்தில் நம் சூழலுக்கே உரிய சில செய்திகளைக் கூறவேண்டும். முதலாவது, ‘வாலிபர்’ என்னும் சொல்லின் விரிவு. இந்திய அரசின் 2003ஆம் ஆண்டு இளைஞர் கொள்கை பதின்மூன்று முதல் முப்பத்தைந்து வயது வரையுள்ளோரை இளைஞர் என்றது. 2014ஆம் ஆண்டுக் கொள்கை அதனைப் பதினைந்து முதல் இருபத்தொன்பது என்று குறுக்கியது. நம் வாலிபர் சங்கங்கள் பழைய விரிவிலேயே நிற்கின்றன. முப்பது வயதைக் கடந்தவர் செயலாளராக இருக்கும் சங்கத்தில் பதினான்கு வயதுச் சிறுமிக்கு இடமில்லை. ஓய்வுநாள் பாடசாலைக்கு அவள் மூத்தவள். வாலிபர் சங்கத்திற்கு இளையவள். சில இடங்களில் வாலிபர் சங்கமே சபைத் தேர்தலுக்குப் பயிற்சிக்களமாகவும் மாறியுள்ளது. பதின்வயதினரைத் தனியே கவனிக்கும் ஏற்பாடு சேகரந்தோறும் வேண்டும். அது சங்கத்தின் தேர்தல் பதவியாக இல்லாமல், ஆயரும் மூப்பர்களும் ஜெபத்தோடு அழைத்து நியமிக்கும் பணியாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதினெட்டு வயதிற்குட்பட்ட ஒவ்வொருவரும் குழந்தையே. குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்று அதன் 19ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. தெரிவிக்கத் தவறுவது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. சேகரக் கமிட்டி தனக்குள் விசாரித்து முடித்துக்கொள்ளும் செய்தி இதுவன்று. குடும்பத்தின் மானமும் சபையின் பெயரும் கெடும் என்ற அச்சம் பிள்ளையின் பாதுகாப்பிற்கு முன் நிற்கலாகாது. எனவே ஐவருக்கு ஒருவர் என்னும் ஒழுங்கில், அந்த ஒருவர் ஒருபோதும் தனித்திருக்கலாகாது. இரு குழுக்கள் ஒரே இடத்தில் கூடட்டும்; இரண்டு பெரியவர்கள் எப்போதும் உடனிருக்கட்டும்; அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். புதிதாகச் சபைக்கு வந்தவர் எவ்வளவு ஆர்வம் காட்டினும், அவரைப் பலரும் அறிந்துகொள்ளும்வரை பொறுப்பில் அமர்த்துவதைத் தாமதிப்பது நன்று. ஒற்றைத் தலைவரை நம்பும் முறை நிலையற்றது என்கிறார் டிவ்ரீஸ். அது பிள்ளைகளுக்கு இடர் விளைவிக்கக்கூடியதும் ஆகும் என்று நாம் சேர்த்துக் கூறவேண்டும்.

மூன்றாவது, ஆயரின் இடம். பொதுநிலையினரிடம் பணியை ஒப்படைப்பது ஆயர் விலகி நிற்பதற்குச் சாக்காகிவிடக் கூடாது. பதின்வயதினரோடு ஆயர் தாமே அமர்ந்து கற்பிக்கும் வாய்ப்பு நம் மரபில் ஒன்று உண்டு: திடப்படுத்தலுக்கான ஆயத்த வகுப்பு. பல இடங்களில் அது சில வாரங்களில் வினாவிடை மனப்பாடமாக முடிகிறது. பேராயர் வந்து கைகளை வைத்து ஜெபித்த மறுவாரமே பிள்ளைகள் மறைந்துவிடுகின்றனர். பள்ளியிறுதிச் சான்றிதழ் பெற்ற மாணவரைப் போல் திருச்சபையிலிருந்து விடைபெறுகின்றனர். திடப்படுத்தல் வகுப்பின் முதல் நாளிலேயே ஐவருக்கு ஒருவராக நிற்கும் பெரியவர்களும் உடன் அமர்ந்து, வகுப்பு முடிந்த பின்னரும் அதே ஐவரோடு தொடர்வார்களானால், அச்சடங்கு முடிவாக இல்லாமல் தொடக்கமாகும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்றே சபையில் ஒரு வேலையும் கொடுக்கப்படவேண்டும்: திருமறைப் பாடம் வாசித்தல், பாடகர் குழு, நோயுற்றோரைச் சந்திக்கும் மூப்பரோடு உடன்செல்லுதல், சிறுபிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியைக்குத் துணைபுரிதல், ஆலயக் கதவைத் திறத்தல். இவ்வேலைகள் உண்மையானவையாக இருக்கவேண்டும். ஆண்டுக்கொருமுறை வாலிபர் ஞாயிறன்று காட்சிக்கு வைக்கப்படுபவையாக இருத்தலாகாது.

முடிவுரை

டிவ்ரீஸின் நூல் ஒரு தேவையான திருத்தத்தைச் செய்கிறது. மனிதரைத் தேடுவதை நிறுத்தி அமைப்பைச் சீர்செய்க என்று அது சபைகளை எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை நாம் நன்றியோடு ஏற்கலாம். அதன் செலவுக் கணக்கையும் சம்பளப் பணியாளர் கணக்கையும் நம்மால் ஏற்க இயலாது. ஏற்க இயலாமைக்காக வருந்தவும் வேண்டியதில்லை. பதின்வயதினரும் பணியாளரே என்னும் உண்மையை அந்நூலோடு நாமே சேர்த்து வாசிக்கவேண்டும்.

இவ்வாண்டு படிப்பை முடித்துச் சேகரங்களுக்குச் செல்லவிருக்கும் மாணவர்க்கு ஒரு சொல். புதிய இடத்தில் முதல் ஆண்டிலேயே முகாமும் போட்டிகளும் நடத்திப் பெயர் பெறும் ஆசை எழும். நீங்களே அந்தத் திறமை மிக்க வாலிபராகக் கருதப்படுவீர்கள். சபையும் உங்களை அவ்வாறே பயன்படுத்த விரும்பும். அதற்கு இணங்கினால், உங்கள் இடமாற்ற ஆணை வரும் நாளில் நீங்கள் கட்டியது உங்களோடு புறப்பட்டுவிடும். மாறாக, முதல் ஆண்டில் பதிவேட்டிலிருந்து பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு தெருவிற்கும் சென்று வராத பிள்ளைகளைக் காணுங்கள். பத்துப் பெரியவர்களை ஒவ்வொருவராக அவர்கள் வீட்டிற்கே சென்று அழையுங்கள். கூட்டத்தில் பொதுவாக அறிவித்து ஆள் சேர்க்க முயலாதீர்கள். பெயர் சொல்லி அழைக்கப்பட்டவரே பணியைப் பொறுப்பாக ஏற்பார். அப்பட்டியலையும் அவர்கள் ஏற்ற பொறுப்புகளையும் எழுதிச் சேகர அலுவலகத்தில் மற்றப் பதிவேடுகளோடு வையுங்கள். உங்களுக்குப் பின்வரும் ஆயர் அதனைத் திறந்து பார்க்கும்போது, ஐம்பது பிள்ளைகளின் பெயரும் அவர்களை அறிந்த பத்துப் பெரியவர்களின் பெயரும் அதில் இருக்குமானால், நீங்கள் செய்த பணி போதுமானது.